கன்னி மூலையில் தொடங்கிய தாரோட்டுப் பெரும்போர்

வாழ்க சிவராமகிருஷ்ணன். மட்டாஞ்சேரியின் மங்காப் புகழ் மைந்தன், சுக்கும் மிளகும் மூக்கைத் துளைக்கும் கடைத்தெருவில் கணக்கெழுதும் கற்றோன், காலைக் காப்பியும் மாலைச் சாயாவும் அன்றி வேறு மயக்கம் அறியா மாவிரதன், ஐந்தடி மேனிக்குள் ஆறடிப் பிடிவாதத்தை அடக்கி வைத்த அதிசயன், சுத்தியலை ஓங்கினால் ஆணி தப்பினாலும் கட்டைவிரல் தப்பாத குறியாளன், அவன் வாழ்க. அவன் குடை வாழ்க. அவன் வேட்டி, இருக்கும்வரை, வாழ்க. எழுபத்தெட்டாம் ஆண்டின் வேனிலில் தன் வீட்டுச் சாய்ப்பின் மேல் ஏறி நின்று, வானத்தையும் மைத்துனனையும் ஒருசேர எதிர்த்த அவனுடைய கீர்த்தியைச் சொல்லப் புகுகிறேன். அதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள், மேட மாதத்து, அதாவது சித்திரையின், நண்பகலில் தாரின் மேல் ஒரு நாழிகை உட்கார்ந்துவிட்டு வந்து கேட்கட்டும்.

காவியம் என்றால் தெய்வ வணக்கம் வேண்டும். கன்னி மூலைக்கு அதிபதியான கணபதியே, உன்னை வணங்குகிறேன். இந்தக் கதையில் நடந்த குழப்பத்துக்கெல்லாம் உன் பெயர்தான் அடிபடப் போகிறது, மனத்தில் வைத்துக்கொள்ளாதே. வருணனே, நீ எதிர்க்கட்சி. உன்னை வணங்குவது முறைதானா என்று தெரியவில்லை. ஆனாலும் அரபிக்கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன்னைப் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் கிடையாது.

இனிப் போர்க்களம். நம் நாயகனின் வீடு பாலஸ் ரோட்டிலிருந்து உள்ளே நழுவும் ஒரு சந்தில், முன்னே ஓடு வேய்ந்த கூடமும், பின்னே ஓடு வேய்ந்த அடுக்களையுமாக நின்றது. அந்த அடுக்களையின் கிழக்குச் சுவரோடு ஒட்டிப் பிறந்த தாழ்ந்த அறையே சாய்ப்பு. மேற்கே அடுக்களைக் கூரையின் இறவாரத்தைத் தாண்டி அது உயர முடியாது. கிழக்கே மனிதர் தலை இடிக்கும்படி அது தாழவும் முடியாது. இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில் அகப்பட்ட அந்தக் கூரைக்கு வாய்த்த சரிவு, மேலே ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது உருளலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அளவுதான். போதாததற்கு, அடுக்களை ஓடுகளில் விழுந்த மழை முழுவதும் வழிந்து அதன் தலையில்தான் கொட்டியது. அதன் மேல் கிடந்த பழைய தகரத்தில் துருவுக்கு நடுவே அங்கங்கே தகரமும் இருந்தது.

அந்தச் சாய்ப்பில்தான் கனகாம்பாள் அப்பளம் இட்டாள். நாயகனின் இல்லாள், உளுந்து மாவை இரும்புலக்கையால் இடித்து அடக்கும் ஆற்றல் உடையாள், அவள் இட்ட அப்பளம் சுள்ளிக்கல் முதல் எறணாகுளம் வரை எந்தக் கல்யாணப் பந்தியிலும் எண்ணெயில் விழுந்தவுடன் பூரண சந்திரனாக விரிந்தது. சென்ற ஆண்டு, வைகாசி நடுவில் இறங்கும் இடவப்பாதிப் பெருமழையில் தகரம் தோற்றது. கல்யாணங்களுக்காக அடுக்கி வைத்த அப்பளம் அத்தனையும் ஈரம் தாக்கிப் பூசணம் பூத்தது. வாக்குக் கொடுத்த வீடுகளுக்கு வேறு ஆளிடம் வாங்கிக் கொடுத்தாள் கனகாம்பாள். அந்த அவமானத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

இந்த ஆண்டு விஷு கழிந்த மறுநாள், மாவைப் பிசைந்துகொண்டே அவள் தன் பிரகடனத்தை வெளியிட்டாள்.

"கேட்டேளா. இந்த இடவப்பாதிக்கு சாய்ப்புல ஒரு பொட்டு ஒழுகிச் சோர்ந்தா, நான் ஏலூருக்குப் போயாச்சு. என் தம்பியோட கோட்டர்ஸ் கான்க்ரீட்டாக்கும். அங்கே ஒரு ரூம் வெறுதே கிடக்கறதாம். மழை முடியறவரைக்கும் அங்கே இருந்துண்டு இட்டுக்கறேன். நீங்க ஹோட்டல்ல சாப்பிட்டுக்கோங்கோ."

கோபத்தில் சொல்லியிருந்தால் நாயகன் கவலைப்பட்டிருக்க மாட்டான். கோபம் வந்தால் போகும். அவள் உப்புச் சரியா என்று நாக்கில் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மாலையில் வேலை முடிந்து சந்துக்குள் திரும்பும்போதே சாய்ப்பிலிருந்து கேட்கும் குழவியின் தட்டோசை, அதுதான் அவனுக்கு வீடு. அந்தச் சத்தம் இல்லாத வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போட வேண்டிவருமே என்று அவன் அஞ்சினான். மாவீரன் ஒருவனுக்கு இப்படி ஒரு பயம் இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

மேலும் அந்தத் தம்பி. லக்ஷ்மிநாராயணன் என்று பெயர், ஏலூரில் ஒரு ரசாயன ஆலையில் உத்தியோகம், கம்பெனி கொடுத்த வீட்டில் வாசம். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே அண்ணாந்து பார்த்து, பிறகு வீட்டுக்காரரை இரக்கத்தோடு பார்க்கும் பழக்கம் உள்ளவன். இப்படிப்பட்டவர்களைக் கடவுள் குடும்பத்துக்கு ஒருவர் வீதம் படைத்து வைத்திருக்கிறார்.

ஆயுதம் கிடைத்தது துறைமுகத் தீவில். உரியவர் வந்து எடுக்காமல் கிடந்த கப்பல் சரக்குகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேட்டு, சாக்குக் கட்டு வாங்கி வர முதலாளி அனுப்பிய இடத்தில், சாக்கை மறந்து நாயகன் நின்றான். இரண்டு முழ நீளம், சாணுக்குச் சற்று மேல் அகலம், தாரில் ஊறி, மேலே கருமணல் பொடி போர்த்து, வளைத்தால் வளைந்து விட்டால் நிமிரும் கரிய தகடுகள், தார் ஓடுகள், கட்டுக் கட்டாக, எந்தத் தேசத்தில் எந்த மாளிகைக்கென்று புறப்பட்டனவோ, கொச்சியில் அநாதையாகக் கிடந்தன. ஏலக்காரன் நல்லவன், இவை பனி பெய்யும் நாட்டு ஓடுகள், கூரை செங்குத்தாக இருந்தால்தான் தண்ணீர் நிற்காமல் ஓடும், படுத்துக் கிடக்கும் கூரைக்கு ஆகாது என்று விளக்கினான். நாயகன் மார்பை விரித்தான்.

"தாரைத் தாண்டித் தண்ணி வருமோ? வராது. வராதுன்னா, நட்டக்க நின்னா என்ன, படுத்துக் கிடந்தா என்ன?"

இந்தத் தர்க்கத்தைக் கேட்ட ஏலக்காரன் ரசீது எழுதத் தொடங்கினான். கட்டுகள் வள்ளத்தில் ஏறிக் காயலைக் கடந்து, கைவண்டியில் ஏறிக் கடைத்தெருவைக் கடந்து, சந்துக்குள் நுழைந்தபோது, இரு மருங்கும் ஜன்னல்கள் திறந்தன. அது அமெரிக்கா ஓடு என்று யாரோ சொன்னார்கள். சாக்கு எங்கே என்று முதலாளி மட்டும் கேட்டார்.

படைத்தலைவனாக வந்து சேர்ந்தான் இசக்கிமுத்து. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக எறணாகுளம் வந்தவன், சுவர் கட்டுவான், கிணறு இறைப்பான், சுண்ணாம்பு அடிப்பான், மரப்பலகை தைப்பான். தனக்குத் தெரியாத வேலை உலகில் இன்னும் பிறக்கவில்லை என்பது அவன் கொள்கை. தாரோட்டை அவன் வாழ்நாளில் கண்டதில்லை. ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்து, திருப்பி, மடித்து, "இதுதானா" என்றான். அந்த ஒரு சொல்லில் நாயகன் உள்ளம் குளிர்ந்தான்.

பிறகு இருவரும் மந்திராலோசனையில் அமர்ந்தார்கள்.

"சாமி, ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடுதேன். மத்ததுல நீங்க சொன்னபடி கேப்பேன். ஆனா கன்னி மூலையில கை வைக்காம நான் எந்த வேலயும் தொடங்குனதில்ல. அஸ்திவாரம் போட்டாலும் அங்கனதான், வாசக்கால் நிறுத்துனாலும் அங்கனதான்."

"நானும் அதையேதான் சொல்ல வந்தேன்" என்றான் நாயகன், பஞ்சாங்கத்தை மடியிலிருந்து எடுத்தபடி.

வீட்டுக்குத் தென்மேற்கு மூலை கன்னி மூலை. நல்ல காரியம் அங்கே தொடங்கினால் நிலைக்கும் என்பது இருவர் ஊரிலும் பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த சாத்திரம். அதில் பிழை இல்லை. பிழை எங்கே என்றால், அந்தச் சாய்ப்புக்கு மேற்குதான் மேடு. கன்னி மூலை கூரையின் உச்சியில் இருந்தது. அங்கே முதல் ஓட்டை வைத்து, அதன் கீழ் விளிம்பின் மேல் அடுத்த வரிசையை ஏற்றி, அதற்குக் கீழே அடுத்ததை அதன் மேல் ஏற்றி, இப்படி இறங்கி வந்தால், மேலிருந்து வரும் தண்ணீருக்கு ஒவ்வொரு வரிசையும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நாட்டு ஓடாக இருந்திருந்தால் இருவர் கையும் தானாக இறவாரத்துக்குப் போய், கீழிருந்து மேலாக வேய்ந்திருக்கும். இது அமெரிக்கா ஓடு. ஆகவே கைக்குத் தெரிந்ததைக் கையிலேயே வைத்துவிட்டுக் கன்னி மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போனார்கள்.

மேலே போவதும் எளிதாக இல்லை. சாய்ப்புக்குக் கிழக்கே ஒரு சுக்குக் கிடங்கின் சுவர் நெருங்கி நின்றதால் அங்கே ஏணி சார்த்த இடமில்லை. வாசல் பக்கம் சார்த்தி ஏறி, கூடத்து ஓடுகளையும் அடுக்களை ஓடுகளையும் மிதித்துக் கடந்துதான் களத்தை அடைய வேண்டும். அவ்வாறே வீரர் இருவரும், பலகையைச் சுமந்து ஒரு நடை, தாரோட்டைச் சுமந்து பல நடை, ஆணி மறந்து ஒரு நடை, ஆணி கிடைத்து சுத்தியல் மறந்து இன்னொரு நடை, வெற்றிலைக்காக ஒரு நடை என்று, மேலும் கீழுமாகப் படையெடுத்தார்கள். துருத் தகரம் வீழ்ந்தது. பெட்டிப் பலகைகள் தளமாக விரிந்தன. கன்னி மூலையில் கற்பூரம் எரிந்தது, தேங்காய் உடைந்தது, முதல் ஓடு படிந்தது, சுத்தியல் எழுந்தது, நாயகனின் கட்டைவிரல் கருநீலம் ஆயிற்று. வேலை ஒருவழியாக ஆரம்பித்தது.

இப்போது சூரியன் போரில் இறங்கினான். மேட மாதத்துக் கதிரவன், காயலிலிருந்து ஒரு காற்றும் வராதபடி பார்த்துக்கொண்டு, கரிய தார்ப்பரப்பின் மேல் தன் முழுப் படையையும் ஏவ, தாரானது முதலில் வியர்த்து, பிறகு நெகிழ்ந்து, பிறகு தன்னைத் தொட்டவை அனைத்தையும் உறவாக ஏற்றுக்கொள்ளும் பெருங்குணம் அடைந்தது. வரிசை ஒன்றை முடித்த களிப்பில் நாயகன் சம்மணமிட்டு அமர்ந்தான். அடுத்த வரிசைக்காக எழ முயன்றான். எழுந்தது அவன் மட்டுமே, வேட்டி எழவில்லை. மீண்டும் அமர்ந்தான். முன்னே இழுத்தான், பின்னே இழுத்தான், பக்கவாட்டில் உருண்டான். உருண்ட பக்கமும் ஒட்டிக்கொண்டது. எதிர்வீட்டு மாடி ஜன்னல் ஒன்று திறந்து, நாகரிகம் கருதி உடனே மூடி, நாகரிகத்தை மறந்து மறுபடி திறந்தது. நாயகன் கீழ்நோக்கி முழங்கினான்.

"கனகம். ஒரு துண்டு எடுத்துண்டு வா."

"எதுக்கு?"

"கேள்வி கேக்காதே. பெரிய துண்டா எடுத்துண்டு வா."

இசக்கிமுத்து வேறு திசையைப் பார்த்துக்கொண்டு அந்தத் துண்டை ஒரு கழியில் கோத்து நீட்டினான். நாயகன் துண்டோடு இறங்கினான். சாய்ப்புக்குள்ளிருந்து குழவியின் சத்தம் சற்று நேரம் கேட்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவளால் அப்பளம் இட முடியாது.

வேட்டியை மேலே கிடந்தபடி வெட்டி எடுத்து, வேலையை முடித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். வந்தவுடன் மேலே பார்த்தான்.

"என்ன அத்திம்பேர், தார்ல அப்பளம் இட்டிருக்கேளா?"

"இது அமெரிக்கா ஓடாக்கும்."

"அமெரிக்காவுல இடவப்பாதி உண்டோ?" என்று கேட்டுவிட்டு, அவன் அக்காளிடம் திரும்பினான். "ரூம் சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன். மழை தொடங்கின அன்னிக்கே டாக்சியோட வரேன். நீ மூட்டையைக் கட்டி வெச்சுக்கோ."

இவ்வாறு போர் முரசு அறைந்துவிட்டு அவன் மூன்று தம்ளர் சம்பார மோர் குடித்தான்.

இடவப்பாதிக்கு முன்பாக ஒரு வேனல் மழை, அதாவது கோடை மழை, வந்தது. பெருமழையின் ஒற்றனைப் போல, ஒரு பிற்பகலில், அறிவிப்பின்றி, இடியை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தது. நாயகன் அன்று வீட்டில் இருந்தான்; கூலி பாக்கி வாங்க இசக்கிமுத்துவும் வந்திருந்தான். சாய்ப்பின் நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து, வெற்றிக்குத் தயாராக நின்றான். அடுக்களைக் கூரையின் தண்ணீர் இறவாரத்திலிருந்து தாரோட்டின் மேல் இறங்கியது. முதல் வரிசை அதை அன்போடு வாங்கி இரண்டாம் வரிசையின் அடியில் விட்டது. இரண்டாம் வரிசை வாங்கி மூன்றாவதின் அடியில் விட்டது. பலகை இடுக்குகளில் ஒரு துளி எட்டிப் பார்த்தது, அதன் பின் அதன் சுற்றம் முழுவதும் எட்டிப் பார்த்தது, அப்புறம் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் எல்லாம் தண்ணீர் ஆயிற்று. கனகாம்பாள் அப்பளத் தட்டுகளைப் பாயில் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

மழை விட்டது. நாயகன் சாய்ப்புத் தரையில் கிடந்த நனைந்த பலகையில் உட்கார்ந்தான், அவன் கண்ணும் நனைந்திருந்தது, மழைதான் காரணம் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான், வந்தது வேறு.

"இது இடவப்பாதி இல்லை, கனகம். வேனல் மழையாக்கும். நீ சொன்னது இடவப்பாதியைத்தான்."

கனகாம்பாள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாக்கு என்றால் வாக்கு என்று இருந்து பழகியவள். ஆனால் இருபது வருஷமாக இந்த மனிதனோடு இருந்தும் பழகியவள்.

"சரி. இது கணக்குல இல்லை" என்றாள். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, கழுத்தை வளைத்து, கூரையின் விளிம்பைப் பார்த்தாள். "ஏன்னா, மேல் ஓடு கீழ் ஓட்டுக்கு அடியில இருக்கே. தண்ணி பின்னே எங்கே போகும்?"

வீரர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இசக்கிமுத்து நிலத்தைப் பார்த்தான். நாயகன் பஞ்சாங்கத்தைப் பார்த்தான். அதில் இதற்குப் பதில் இல்லை.

"சாமி, மறுபடி போட்டுருவோம்" என்றான் இசக்கிமுத்து. "ஆனா கன்னி மூலையில வச்ச ஓட்டை நான் எடுக்க மாட்டேன். சூடம் கொளுத்தி வச்சது அது. அது அங்கனயே கெடக்கட்டும். கீழேருந்து வந்து, அது விளிம்பைத் தூக்கி, உள்ள சொருகிருவோம்."

இதுதான் சமாதான உடன்படிக்கை. ஆனால் நம் நாயகன் வெறும் உடன்படிக்கையோடு நிற்பவன் அல்லன். அன்று சாய்ப்புக்குள் அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது அவனுக்கு ஏலக்காரன் சொன்னது மனத்தில் வந்தது: படுத்துக் கிடக்கும் கூரையில் தண்ணீர் ஓடாமல் நிற்கும். நிற்கும் தண்ணீர் சும்மா நிற்காது, ஓட்டின் அடியில் பின்னோக்கி ஏறும். அப்படியானால் ஓட்டுக்கு அடியிலும் ஒரு காவல் வேண்டும். மறுநாள் முதலாளியின் கிடங்கில், கப்பலில் போகும் மிளகுப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றவன் திடீரென்று பேனாவை மூடினான். கடல் ஈரம் மிளகைத் தொடாதபடி அந்தப் பெட்டிகளின் உட்புறம் தார்க் காகிதம் ஒட்டியிருந்தது. வருஷக்கணக்காக அவன் கண் முன்னால்தான் ஒட்டியிருந்தது. மீந்துபோன சுருள்களை முதலாளியிடம் கேட்டு வாங்கினான். சாக்குக் கதையை மறுபடி கேட்ட பிறகே அவர் கொடுத்தார்.

அதன் பின் நடந்தது இரண்டாம் போர். ஏணி மீண்டும் சார்ந்தது. கூடத்தின் மேலும் அடுக்களையின் மேலும் மீண்டும் கால்கள் நடந்தன. தைத்த ஆணிகள், கன்னி மூலை ஓட்டினுடையவை நீங்கலாக, ஒவ்வொன்றும் பிடுங்கப்பட்டு, வளைந்தவை நிமிர்த்தப்பட்டு, பலகையின் மேல் தார்க் காகிதம் இரட்டை மடிப்பாக விரிக்கப்பட்டு, இறவாரத்தில் தொடங்கி மேல்நோக்கி, வரிசைக்கு வரிசை பாதிக்கு மேல் மறையும்படி தார் ஓடுகள் ஏறின. காலையிலும் சாயங்காலத்திலும் மட்டுமே வேலை. உச்சி வெயிலில் அந்தக் கூரையைத் தொடுவதில்லை என்று நாயகன் அனுபவத்தால் அறிந்திருந்தான். மேகங்கள் மேற்கே கூடிக்கூடி அச்சுறுத்தின. கடல் இரைச்சல் சந்துவரை கேட்டது. கடைசி வரிசை கன்னி மூலை ஓட்டின் விளிம்புக்குள் புகுந்த அன்று, இசக்கிமுத்து அந்த ஓட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இனி வருணன் வரலாம்.

வந்தான். இடவம் பாதி கழிந்த ஒரு காலை, வானம் முழுவதும் இருண்டு, கடலோரத்துச் சீன மீன்வலைகள் கண்ணுக்கு மறைந்து, கப்பல்கள் கூவி, தென்னைகள் தலைவிரித்தாட, யுகாந்தத்து வெள்ளத்தைத் திறந்துவிட்டாற்போலப் பெய்யத் தொடங்கிய மழை, ஓடையை நிரப்பி, சந்தை நிரப்பி, வாசற்படியில் ஏறி நின்று உள்ளே எட்டிப் பார்த்தது. அந்த மழைக்குள்ளிருந்து, சக்கரம் பாதி முழுகிய ஒரு டாக்சியில், சொன்ன சொல் தவறாத மைத்துனன் வந்து இறங்கினான். கனகாம்பாளின் மூட்டை கட்டித் தயாராக இருந்தது. நாயகன் அதைப் பார்க்காமல் சாய்ப்புக்குள் போனான்.

மூவரும் சாய்ப்பின் நடுவில் நின்று அண்ணாந்தார்கள். மேலே பேரிகைகள் முழங்கின. அடுக்களையின் அருவி தாரோட்டின் மேல் வந்து விழுந்தது, தேங்கியது, யோசித்தது, பின்னே ஏறப் பார்த்தது, தார்க் காகிதத்தில் முட்டியது, திரும்பியது, இறவாரம் தாண்டி ஓடையில் குதித்தது. மைத்துனன் பலகை இடுக்குகளை விரலால் தடவினான். விரல் உலர்ந்திருந்தது. மூலைகளைத் தடவினான். சுவரோரம் தடவினான். நாற்காலி போட்டு ஏறித் தடவினான். அப்பளத் தட்டுகள் அடுக்கடுக்காக, ஈரத்தின் வாடைகூடப் படாமல், அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நாயகன் மெல்லப் பேசினான். அந்தக் குரலில் இடி தோற்றது.

"நாராயணா. ஒரு பொட்டு காட்டு, பார்ப்போம்."

மைத்துனன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையைப் பார்த்தான். ஒரு வீட்டுக்குள் அவன் கீழே பார்த்ததை அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. கனகாம்பாள் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக அவன் இன்னும் ஒரு வேட்டியைத் தாருக்குக் கொடுத்திருப்பான்.

அப்போது அடுக்களையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சொட்டு. பிறகு இன்னொன்று. பிறகு கூடத்திலிருந்து, வேகமாக, பல. மூவரும் ஓடினார்கள். அடுக்களையில் அடுப்பின் மேல் ஒழுகியது, அரிசிப் பானையின் மேல் ஒழுகியது. கூடத்தில் ஊஞ்சலின் மேல், கட்டிலின் மேல், பஞ்சாங்கம் மாட்டிய ஆணியின் மேல் ஒழுகியது. வாசலில் ஏணி சார்த்திய இடத்தில் தொடங்கி, கூடத்தைக் கடந்து, அடுக்களையைக் கடந்து, சாய்ப்பின் சுவர்வரை, இரண்டு படையெடுப்புகளிலும் நாயகனும் அவன் தளபதியும் எந்தெந்த ஓட்டில் கால் வைத்து நடந்தார்களோ, அந்தந்த ஓட்டெல்லாம் முதல் போரில் கீறலிட்டு, இரண்டாம் போரில் விண்டு, ஒரு அடி பிசகாமல், அவர்கள் நடந்த வழியைத் தண்ணீரால் கோடு போட்டுக் காட்டியது.

மைத்துனனுக்கு உயிர் திரும்பியது. அவன் கூடத்து நடுவில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, கிளம்பு. டாக்சி நிக்கறது."

நாயகன் சுவரில் சாய்ந்தான். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது; அவன் நகரவில்லை.

கனகாம்பாள் மூட்டையைத் தூக்கினாள். வாசல் பக்கம் போகவில்லை. சாய்ப்புக்குள் கொண்டுபோய் அப்பளத் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சாய்ப்பு சோர்ந்தா வரேன்னுதானே சொன்னேன், நாராயணா? சாய்ப்பு சோரல்லியே. வீடு முழுக்கச் சோரும்னு நான் சொல்லவே இல்லையே. இவர் எனக்காகப் போட்ட கூரையை விட்டுட்டு உன் கான்க்ரீட்டுக்கு வருவேனா? குடையை மடக்கிட்டு அந்த ஸ்டவ்வை எடுத்துண்டு வா. டாக்சிக்காரரையும் உள்ளே கூப்பிடு, பாவம், அவரும் நனையறார்."

ஆகவே, செவியுடையோரே, அன்று நடந்ததை மனக்கண்ணில் காணுங்கள். உலகெலாம் நனைந்த அந்நாளில், ஊரெலாம் ஒழுகிய அவ்வேளையில், கோலிக்குண்டும் உருளாக் கூரையின் கீழ், தாரோடு காத்த தனியிடத்தில், ஸ்டவ்வின் சுடர் நடுவே ஒளிர, சுற்றிலும் அப்பளக் கோபுரங்கள் அரண் செய்ய, மைத்துனன் ஒரு புறமும் டாக்சிக்காரர் மறுபுறமும் முழங்கால் இடிக்க நெருங்கி அமர்ந்து வெந்நீர்ச் சோற்றையும் சுட்ட அப்பளத்தையும் உண்ண, தானும் ஒரு மூலையில் உட்கார்ந்து, அவள் கை பரிமாற, கட்டைவிரல் இரண்டும் கருத்துக் கிடக்க, கண் நிறைந்து, வானை வென்றவன், மைத்துனனை வென்றவன், போகவிருந்தவளைப் போகாமல் நிறுத்தியவன், மிளகுத் தெரு கண்ட மாவீரன், இடவப்பாதியின் எதிரி, எம்பெருமான் சிவராமகிருஷ்ணன் வீற்றிருந்தான்.

மறுநாள் நாயகன் லீவு சொல்லிவிட்டு நாட்டு ஓடு வாங்கப் போனான்.